கோல் போட்டவர் ஒருவர். போட வைத்தவர் எத்தனை பேர்?

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

வலையின் ஒரு கயிறு கரையில் இருக்கும். படகு வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகும். அரை வட்டமாக வலையை விரித்துக்கொண்டே வந்து, மறு கயிற்றைக் கரையில் கொடுக்கும். இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் பிடித்து இழுப்பார்கள். வலையின் நடுவே பை போல ஒரு மடி உண்டு. மீன் எல்லாம் அந்த மடியில் சேரும்.

அதற்காக, "மீனைப் பிடித்தது மடிதான்" என்று யாராவது சொல்வார்களா? ஒரு பக்கத்தார் வேகமாக இழுத்து, மறு பக்கத்தார் சோர்ந்துவிட்டால் வலை கோணிக்கொள்ளும். மீன் நழுவிவிடும். மடி காலியாகத்தான் வரும்.

ஆக்கி ஆட்டத்தில் முன்வரிசையும் இப்படித்தான். முன்வரிசை என்றால் எதிரியின் கோலை நோக்கிப் பந்தைக் கொண்டு போகிறவர்கள். அவர்களில் ஒருவர் கோல் போடுகிறார். கைதட்டல் அவருக்குக் கிடைக்கிறது. மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர் வருகிறது. பந்தைப் பிடுங்கியவர் யார், ஓரமாக ஓடியவர் யார், கடைசியில் கொடுத்தவர் யார் என்று கேட்பார் இல்லை.

இதனால் ஒரு கெடுதல் உண்டாகிறது. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அணி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது சரிதானா?

சரியல்ல. நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் நல்ல முன்வரிசை வந்துவிடாது. ஒருவருக்கு ஒருவர் பொருந்துகிறவர்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, அவர்கள் பழகுவதற்குக் காலம் கொடுக்க வேண்டும். இதற்கு நம் நாட்டு ஆக்கி வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

யார் யாருக்கு என்ன வேலை?

பழைய நாளில் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். வலது ஓரத்தில் ஒருவர். அவருக்கு உட்புறம் ஒருவர். நடுவில் ஒருவர். இடது உட்புறம் ஒருவர். இடது ஓரத்தில் ஒருவர்.

ஓரத்தில் நிற்பவர்கள் ஓட்டக்காரர்கள். கோட்டை ஒட்டி ஓடி, எதிரிகளை அகலமாகப் பிரித்து இழுப்பது அவர்கள் வேலை. உட்புறத்தில் நிற்பவர்கள் தந்திரக்காரர்கள். பின்னால் இருந்து பந்தை வாங்கி, இடைவெளி பார்த்துக் கொடுப்பார்கள். நடுவில் நிற்பவர் முடிப்பவர்.

எங்கிருந்து வேண்டுமானாலும் அடித்துக் கோல் போட ஆக்கியில் முடியாது. கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதை வட்டம் என்கிறோம். அதன் தூரம் ஏறக்குறைய 14 ½ மீட்டர். வட்டத்துக்குள் வந்து அடித்தால்தான் கோல். ஆகவே பந்தை அங்கே கொண்டு வந்து சேர்ப்பதே பாதி வெற்றி.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஆக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு என்று தனி மட்டை கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி மட்டையில்தான் ஆட வேண்டும்.

அதனால் வலது ஓரத்தில் ஓடுகிறவர் பந்தை நடுவுக்கு அடிப்பது சுலபம். இடது ஓரத்தில் ஓடுகிறவருக்கு அது கஷ்டம். அவர் உடம்பைத் திருப்பி அடிக்க வேண்டும். அல்லது மட்டையைப் புரட்டி அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வலது ஓரத்தில் சூரராக இருப்பவரை இடது ஓரத்தில் நிறுத்தினால் திணறிப் போவார். இடம் மாறினால் குணமும் மாறும்!

விமானத்தில் வந்த தாரா

1936-ம் ஆண்டு. பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம். இந்திய ஆக்கி அணிக்குத் தலைவர் தியான் சந்த். உலகமே புகழ்ந்த ஆட்டக்காரர். அவருடைய தம்பி ரூப் சிங்கும் அணியில் இருந்தார். முன்வரிசைக்கு என்ன குறை?

ஆனால் குறை இருந்தது. பந்தயம் தொடங்குவதற்கு முன்பு ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அதில் இந்தியா 4-1 என்று தோற்றது! 1928-லும் 1932-லும் தங்கம் வென்ற நாட்டுக்கு இது பேரிடி.

தியான் சந்த் யோசித்தார். தம்மையும் தம்பியையும் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. வலது உட்புறத்தில் பொருத்தமான ஆள் தேவை என்று கண்டார். இந்தியாவில் இருந்த தாரா என்ற ஆட்டக்காரரை உடனே அனுப்பும்படி செய்தி பறந்தது.

கப்பலில் வர நேரம் இல்லை. தாரா விமானத்தில் வந்து சேர்ந்தார். அரை இறுதி ஆட்டத்தில் இறங்கினார். பிரான்சை இந்தியா 10-0 என்று வென்றது. ஆகஸ்டு 15-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி அதே ஜெர்மனி. இந்த முறை இந்தியாவுக்கு 8 கோல். ஜெர்மனிக்கு ஒன்று. தாராவும் கோல் போட்டார்.

இதில் பாடம் என்ன? தியான் சந்த்தைப் போன்ற மேதைக்கும் பக்கத்தில் பொருத்தமான ஆள் தேவைப்பட்டது! அவர் கேட்டது தம்மைவிடப் பெரிய ஆட்டக்காரரை அல்ல. காலியாகக் கிடந்த ஓர் இடத்துக்கு ஏற்ற ஆளைக் கேட்டார். அணி தேர்வு என்பது இதுதான்.

அந்தத் தாரா பின்னர் என்ன ஆனார் தெரியுமா? நாடு பிரிந்த பிறகு, 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவராக வந்தார்.

ஆறு கோல் போட்டும் வெளியே!

அதே லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஒரு வேடிக்கை நடந்தது. வேதனை என்றும் சொல்லலாம்.

பல்பீர் சிங் என்ற இளைஞர் அணியில் இருந்தார். அர்ஜென்டினாவோடு நடந்த ஆட்டத்தில் அவரை இறக்கினார்கள். இந்தியா 9-1 என்று வென்றது. அதில் 6 கோல் பல்பீர் சிங் போட்டது! ஒலிம்பிக்கில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம்.

இதற்குப் பிறகு அவருக்கு நிலையான இடம் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை. மறுபடியும் வெளியே உட்கார வைத்தார்கள். இறுதி ஆட்டத்துக்குத்தான் அழைப்பு வந்தது.

ஆகஸ்டு 12-ந் தேதி வெம்பிளி மைதானம். எதிரி பிரிட்டன். சுதந்திரம் பெற்று ஓர் ஆண்டு நிறைவதற்கு மூன்று நாள் இருந்தது. இந்தியா 4-0 என்று வென்றது. முதல் 2 கோல்களும் பல்பீர் சிங் போட்டவை.

1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா 6 கோல் போட்டது. அதில் 5 கோல் பல்பீர் சிங்கினுடையது. 1956-ல் மெல்போர்னில் அவரே அணித் தலைவர். மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். இப்படிப்பட்டவரைத்தான் லண்டனில் வெளியே உட்கார வைத்தார்கள்.

தேர்வாளர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பலம் குறைந்த அணியோடு ஆறு கோல் போட்டவர் பலமான அணியோடும் போடுவார் என்று சொல்ல முடியாது. பழகிய கூட்டணியைக் கலைக்க அவர்கள் தயங்கியிருக்கலாம். தயங்குவது தவறு அல்ல. ஆனால் ஒருவரை ஏன் எடுத்தோம், ஏன் நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், திறமைசாலிக்கும் கை நடுங்கும்.

கூடி வளர்ந்த மூவர்

2001-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரத்தில் இளைஞர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியா கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6-1 என்று சாய்த்தது. அந்த அணியின் முன்வரிசையில் ககன் அஜித் சிங், தீபக் தாகூர், பிரப்ஜோத் சிங் ஆகியோர் ஆடினார்கள்.

இந்த மூவரும் அப்படியே பெரியவர்கள் அணிக்குச் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவர் திரும்பிப் பார்க்கத் தேவை இல்லை. பந்து தானாக அங்கே போகும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் மனத்தை ஒருவர் அறிவது போல!

அவர்களோடு அனுபவசாலி ஒருவரும் இருந்தார். அவர்தான் தன்ராஜ் பிள்ளை. புனே பக்கத்தில் கட்கியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பைகளில் ஆடியவர். இளமை ஓடியது. அனுபவம் வழி காட்டியது. 2003-ம் ஆண்டு கோலாலம்பூரில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 4-2 என்று வென்றது. ஆசியக் கோப்பையை இந்தியா வென்றது அதுவே முதல் தடவை.

பிறகு நடந்தது என்ன? 2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தன. அப்போது பயிற்சியாளரை மாற்றிவிட்டார்கள்! புதியவர் வந்தார். புதிய முறை வந்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது 7-வது இடம்.

தோல்விக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடுப்பில் உலை கொதிக்கும்போது பானையை மாற்றுகிற வீட்டில் சோறு நேரத்துக்கு வேகுமா?

தன்ராஜ் பிள்ளைக்கு முன்பே இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1998-ம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 32 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தங்கம்! நாடே மகிழ்ந்தது. அதன் பிறகு வந்த தேர்வில் அவருக்கும் இன்னும் சில மூத்த ஆட்டக்காரர்களுக்கும் இடம் இல்லை. ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஜெயித்த கூட்டணி கலைந்தது.

நம் ஊர்ப் பெயர்கள்

முன்வரிசைக்குத் தமிழ்நாடும் ஆள் கொடுத்திருக்கிறது. 1964-ம் ஆண்டு டோக்கியோவில் தங்கம் வென்ற அணியில் வி.ஜே.பீட்டர் இருந்தார். அவர் மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடியவர். அவருடைய தம்பி வி.ஜே.பிலிப்ஸ் 1975-ம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் முன்வரிசையில் ஆடினார். ஆண்கள் ஆக்கியில் இந்தியா இதுவரை வென்ற உலகக் கோப்பை அது ஒன்றுதான்.

1980-ம் ஆண்டு மாஸ்கோவில் இந்தியா தங்கம் வென்றபோது அணித் தலைவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். அவர் முன்வரிசைக்காரர் அல்ல. ஆனால் அவருக்கு முன்னால் ஒரு நல்ல கூட்டணி இருந்தது. முகமது ஷாகித், ஜாபர் இக்பால் ஜோடியை இன்றும் பழைய ரசிகர்கள் புகழ்வார்கள். ஷாகித் பந்தை வளைத்து வளைத்து எதிரிகளைத் தம் பக்கம் இழுப்பார். ஜாபர் இக்பால் இடது ஓரத்தில் பறப்பார். சுரிந்தர் சிங் சோதி கோலாகக் குவித்தார். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை இந்தியா 4-3 என்று வென்றது.

இப்போது ஷிப்டு முறை!

அதற்குள் ஆட்டமே மாறத் தொடங்கிவிட்டது. 1976-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகச் செயற்கைப் புல்தரை வந்தது. பந்து வேகமாக ஓடியது. ஆட்டக்காரர்களும் அதைவிட வேகமாக ஓட வேண்டி வந்தது. 1992-ல் இன்னொரு மாற்றம். ஆட்டக்காரர்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி மாற்றி இறக்கலாம் என்று விதி வந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஆப்சைடு விதியும் போய்விட்டது.

இன்று முன்வரிசையில் பொதுவாக மூவர் ஆடுகிறார்கள். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதியாக ஆட்டம் நடக்கிறது. ஒருவர் சில நிமிடம் தலைதெறிக்க ஓடுவார். பிறகு வெளியே வருவார். இன்னொருவர் உள்ளே போவார்.

கல்பாக்கம், அணுபுரம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. அணுமின் நிலையத்தில் ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். எந்த ஷிப்டிலும் வேலை தெரிந்த ஆள் இருக்க வேண்டும். கெட்டிக்காரர்கள் எல்லோரையும் பகலில் போட்டுவிட்டு, இரவைப் புதியவர்களிடம் விட முடியுமா?

முன்வரிசையும் அப்படித்தான். மிகச் சிறந்த மூவரை ஒன்றாக இறக்கினால், அவர்கள் களைத்து வெளியே வரும்போது அணி பலவீனமாகிவிடும். ஆகவே பயிற்சியாளர் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு எந்த நேரத்தில் எந்த மூவர் என்று கணக்குப் போடுகிறார். யார் யாரோடு சேர்ந்தால் நன்றாக ஆடுகிறார்கள்? யார் வெளியே வந்தால் யார் அந்த வேலையைச் செய்வார்? இதுதான் இன்றைய தேர்வு.

இன்னொரு வேலையும் கூடியிருக்கிறது. முன்வரிசைதான் இப்போது முதல் காவல். பந்து எதிரியிடம் இருக்கும்போது, மூவரும் சேர்ந்து அவர்கள் வழியை மறிக்க வேண்டும். ஒருவர் சோம்பினாலும் எதிரி அந்த வழியாக வெளியே வந்துவிடுவான். இந்த உழைப்புக்குக் கோல் கணக்கில் இடம் இல்லை.

பாரிஸ் சொல்லும் கணக்கு

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கைப் பாருங்கள். இந்தியா வெண்கலம் வென்றது. எட்டு ஆட்டங்களில் மொத்தம் 15 கோல். அதில் 10 கோல் அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் போட்டது. அவர் பின்வரிசை ஆட்டக்காரர்! அவருடைய கோல் அத்தனையும் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்டிரோக்கிலும் வந்தவை. மீதி ஐந்தில் ஒன்று நடுவரிசையில் ஆடும் விவேக் சாகர் பிரசாத் போட்டது. முன்வரிசை போட்டது நான்கு. அபிஷேக் இரண்டு, மன்தீப் சிங் ஒன்று, சுக்ஜீத் சிங் ஒன்று.

"முன்வரிசை தூங்கிவிட்டது!" என்று சிலர் சொல்லலாம்.

கொஞ்சம் பொறுங்கள். பெனால்டி கார்னர் எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் வட்டத்துக்குள் பந்தைக் கொண்டு போய், எதிரியைத் தவறு செய்ய வைத்தால்தான் கிடைக்கிறது. உள்ளே புகுகிறவர் இல்லாவிட்டால் ஹர்மன்பிரீத் சிங்குக்கு அடிக்கப் பந்து ஏது?

இதைச் சொல்லி முன்வரிசைக்கு முழு விடுதலை கொடுத்துவிடவும் கூடாது. எட்டு ஆட்டத்தில் நான்கு கோல் குறைவுதான். பெனால்டி கார்னர் பலிக்காத நாளில் அணி என்ன செய்யும்? கோல் போடும் கூட்டணி தேவை. ஆனால் அதைத் தேட வேண்டுமானால், கோலை மட்டும் எண்ணினால் போதாது. யார் பிடுங்கினார், யார் உள்ளே கொண்டு போனார், யார் கொடுத்தார், யார் முடித்தார் என்று நான்கையும் எண்ண வேண்டும்.

அரியலூர்ப் பிள்ளையின் கதை

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன் கோப்பைப் போட்டி நடந்தது. இந்திய முன்வரிசையில் நம் பிள்ளை ஒருவர் இருந்தார். அவர் பெயர் கார்த்தி செல்வம். அரியலூரைச் சேர்ந்தவர். கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். முந்தின ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் முதன் முதலாக இந்தியாவுக்கு ஆடியபோதே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர்.

சென்னையில் மலேசியாவோடு நடந்த லீக் ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. இந்தியா 5-0 என்று வென்றது. இறுதி ஆட்டத்திலும் மலேசியாவே எதிரி. பாதி ஆட்டம் முடிந்தபோது இந்தியா 1-3 என்று பின்தங்கி இருந்தது. மைதானம் மவுனமாயிற்று. மூன்றாவது பகுதி முடியும் நேரத்தில் ஒரே நிமிடத்துக்குள் இரண்டு கோல்! ஒன்று ஹர்மன்பிரீத் சிங். ஒன்று குர்ஜந்த் சிங். கடைசிப் பகுதியில் ஆகாஷ்தீப் சிங் வெற்றிக் கோல் போட்டார். 4-3. எழும்பூர் அதிர்ந்தது.

அடுத்த மாதம் சீனாவில் ஆசிய விளையாட்டு. அதற்கான அணியை அறிவித்தார்கள். வெற்றிக் கோல் போட்ட ஆகாஷ்தீப் சிங்கின் பெயர் இல்லை. கார்த்தி செல்வத்தின் பெயரும் இல்லை.

தேர்வாளர்கள் தவறு செய்துவிட்டார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த அணி ஹாங்சோ நகரத்தில் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 5-1 என்று வென்று தங்கம் கொண்டு வந்தது. அவர்கள் சேர்த்த கூட்டணி பலித்தது. ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது வேறு. இடம் கிடைக்காத பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புகிறோம்? "நீ கெட்ட ஆட்டக்காரன்" என்றா? "இந்த மூவரோடு உன் ஆட்டம் பொருந்தவில்லை. இடது பக்கம் மட்டையைப் புரட்டி அடிக்கப் பழகு. மறிப்பதில் இன்னும் வேகம் வேண்டும்" என்றா? முன்னது ஒருவரை முடித்துவிடும். பின்னது ஒருவரை வளர்க்கும்.

பட்டணத்துப் பிள்ளைக்கு நாலு பேர் எடுத்துச் சொல்வார்கள். கிராமத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? தேர்வாளர்தான் சொல்ல வேண்டும்.

சம்பளத்துக்கு ஆடும் அணி

இந்திய ஆக்கி லீக் 2024-ம் ஆண்டு டிசம்பரில் மறுபடி தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு என்று ஓர் அணி. பெயர் தமிழ்நாடு டிராகன்ஸ். ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். ஓர் அணிக்கு 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டவர். இந்தியர்களில் இளையவர்களுக்கும் இடம் உண்டு.

நம் அணியின் முன்வரிசைக்கு ஆஸ்திரேலியாவில் இருந்து பிளேக் கோவர்ஸ், நேத்தன் எப்ராம்ஸ் போன்றவர்கள் வந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் இருந்து உத்தம் சிங். அரியலூரில் இருந்து கார்த்தி செல்வம். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. பழகுவதற்குச் சில நாட்களே உண்டு. அப்படியும் முதல் ஆண்டிலேயே நம் அணி கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது.

இப்படிப்பட்ட அணியில் கூட்டணி அமைப்பது எப்படி? பணம் அதிகம் கொடுத்து வாங்கியவரை எப்போதும் ஆட வைக்க வேண்டும் என்று ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டும்.

முதலில் ஜோடிகளைப் பார்க்க வேண்டும். முன்பே சேர்ந்து ஆடிய இருவர் இருந்தால் அவர்களைப் பிரிக்கக் கூடாது. அவர்களோடு மூன்றாமவரைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு மூவரிலும் ஓடுகிறவர் ஒருவர், பிடுங்குகிறவர் ஒருவர், முடிக்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். முடிக்கிறவர்கள் மூன்று பேரைச் சேர்த்தால் பந்து கொடுக்க ஆள் இருக்காது. அனுபவசாலி பக்கத்தில் இளைஞர் நிற்க வேண்டும். ஒரு தோல்வியைக் கண்டு கூட்டணியைக் கலைக்கக் கூடாது. நான்கைந்து ஆட்டமாவது விட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளையை ஆட வைக்கச் சொல்வது ஊர்ப் பாசத்தால் மட்டும் அல்ல. வெளிநாட்டு ஆட்டக்காரர் சீசன் முடிந்ததும் போய்விடுவார். அவர் பக்கத்தில் நின்று ஆடிய தமிழ்ப் பிள்ளை, கற்றதை இங்கே வைத்திருப்பான். லீக் ஆட்டத்தால் நமக்கு நிலையாக மிஞ்சுவது அதுதான்.

வீட்டிலும் பள்ளியிலும்

அணுபுரம் போன்ற ஊரில் பல மாநிலத்துக் குடும்பங்கள் கூடி வாழ்கின்றன. வீட்டுக்கு வீடு மொழி வேறு. மாலையில் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் விளையாடுகிறார்கள். யாரும் ஏலம் போடாமலே அங்கே ஒரு லீக் அணி தயாராக இருக்கிறது!

உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக நான்கு கட்டம் வரையுங்கள். பிடுங்கியது, கொண்டு போனது, கொடுத்தது, முடித்தது. ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கோலே போடாத ஒரு பிள்ளை இல்லாவிட்டால் அணியே இல்லை என்பது தெரிய வரலாம்.

பத்திரிகைகளுக்கும் கடமை உண்டு. கோல் போட்டவர் பெயரோடு, கொடுத்தவர் பெயரும் அச்சாகட்டும். ஒரு வரி கூடுவதால் காகிதம் தீர்ந்துவிடாது.

தேர்வாளர்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. சேர்த்த கூட்டணிக்குக் காலம் கொடுங்கள். விலக்கிய பிள்ளைக்குக் காரணம் சொல்லுங்கள்.

கடைசியாகத் தாய் தந்தையருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ விளையாடிவிட்டு வியர்வையோடு வீட்டுக்கு வருவார்கள். "எத்தனை கோல் போட்டாய்?" என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வியை மாற்றுங்கள். "இன்றைக்கு யாருக்குப் பந்து கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். நல்ல முன்வரிசை நம் ஊரிலேயே கிடைத்துவிடும்.